பில்பாவோ விளைவும் வட்டார அருங்காட்சியகங்களும்: கட்டடக் கலைஞரால் எது முடியும், எது முடியாது

நடுத்தர அளவுள்ள ஒரு நகரம் தனக்குப் புதிய அருங்காட்சியகம் வரப்போவதாக அறிவிக்கும்போது, அந்தச் செய்தியில் நகரத்தின் பெயரையும் முந்திக்கொண்டு நிற்பது கட்டடக் கலைஞரின் பெயர்தான். கூடவே கணினியில் வரைந்த பளபளப்பான படம் ஒன்றும், மலைக்க வைக்கும் செலவுத் தொகையும், வியப்பூட்டும் ஒரு கட்டடமே நகரத்தைப் பிழைக்க வைக்கும் என்ற நம்பிக்கையைச் சுட்டும் 'பில்பாவோ விளைவு' என்ற சொல்லும் வருகின்றன. வாசகருக்கு எழும் ஐயங்கள் நியாயமானவை. உள்ளூர் வரலாற்றைச் சொல்லும் கட்டடத்துக்கு வேறு நாட்டுக் கலைஞர் எதற்கு? ஒரு கட்டடத்தின் தோற்றம் ஓர் ஊரின் பொருளாதாரத்தை மாற்றிவிடுமா? இத்தனை பணத்துக்கு அவர் செய்யும் வேலைதான் என்ன? இந்தக் கேள்விகளுக்கு விடை காண, அருங்காட்சியகம் என்ற நிறுவனம் எவ்வாறு இயங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## வட்டார அருங்காட்சியகம் என்பது எது?

பன்னாட்டு அருங்காட்சியகக் குழு 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட வரையறைப்படி, அருங்காட்சியகம் என்பது இலாப நோக்கின்றிச் சமூகத்துக்குப் பணியாற்றும் நிலையான நிறுவனம். தொட்டுணரக்கூடியதும் தொட்டுணர முடியாததுமான மரபுச் செல்வங்களை ஆராய்வதும், சேகரிப்பதும், பாதுகாப்பதும், விளக்குவதும், காட்சிக்கு வைப்பதும் அதன் பணிகள். இந்த ஐந்தில் பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கடைசிப் பணி மட்டுமே. ஆராய்ச்சி அறை, பேணுகைக் கூடம், இருப்பறை, பொருள்களை ஏற்றி இறக்கும் வாயில் ஆகியவை பின்புறத்தில் மறைந்திருக்கின்றன.

தலைநகரத்துத் தேசிய அருங்காட்சியகம் ஒரு நாட்டின் முழுக் கதையையும் சொல்ல முயல்கிறது. வட்டார அருங்காட்சியகமோ ஒரு நிலப்பகுதியோடு பிணைந்தது. அதன் சேகரிப்பு அங்கே தோண்டி எடுத்ததாக இருக்கலாம். அங்கு வாழ்ந்த ஒருவர் கொடையாகத் தந்ததாக இருக்கலாம். தலைநகரத்திலிருந்து கடனாக வந்ததாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துக் கட்டடத்தின் தேவை முற்றிலும் மாறிவிடுகிறது. தோண்டி எடுத்த பொருளுக்கு அது கிடைத்த இடத்தோடு உள்ள உறவே முக்கியம். கடனாக வந்த பொருளுக்கு, கடன் கொடுத்த நிறுவனம் கேட்கும் பாதுகாப்பே முதல் நிபந்தனை. சொந்தச் சேகரிப்பே இல்லாத இடத்தில், கண்காட்சிகள் மாறும் ஒவ்வொரு முறையும் கட்டடமும் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

## கட்டடக் கலைஞரின் பொறுப்பு எதுவரை?

அருங்காட்சியகம் ஒருவர் தலையில் உதித்த வடிவம் என்ற எண்ணம் செய்திப் படங்களால் வளர்ந்தது. நடைமுறையில் வேலை பலரிடையே பிரிந்திருக்கிறது.

1. தேவை அறிக்கை. எத்தனை பொருள்கள், எவ்வளவு பரப்பு, எத்தகைய ஒளி, யார் வருவார்கள் என்பதை நிறுவனமே எழுதித் தருகிறது. கட்டடக் கலைஞர் வருவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

2. தேர்வு. திறந்த போட்டி, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான போட்டி, நேரடி நியமனம் என்று மூன்று வழிகள் உண்டு. போட்டியில் வெல்வது பெரும்பாலும் ஒரு கருத்துரு மட்டுமே. முழுமையான வரைபடம் பின்னரே உருவாகிறது. அறிவிப்பில் வந்த செலவுத் தொகை பின்னால் ஏறுவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

3. உள்ளூர்க் கூட்டாளி. வெளிநாட்டுக் கலைஞரோடு, அந்நாட்டின் கட்டட விதிகளையும் ஒப்பந்த முறைகளையும் அறிந்த ஒரு நிறுவனம் இணைந்து பணியாற்றும். செய்திகளில் இதன் பெயர் இடம்பெறுவது அரிது.

4. காட்சி அமைப்பு. பேழைகள், விளக்கப் பலகைகள், பொருள்களின் வரிசை ஆகியவற்றைக் காப்பாட்சியர்களும் காட்சி வடிவமைப்பாளர்களும் தீர்மானிக்கிறார்கள். சில இடங்களில் மட்டுமே கட்டடக் கலைஞரே இதையும் செய்கிறார்.

இவற்றுள் முதலாவதே மற்ற அனைத்தையும் தாங்குகிறது என்பதற்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஃபோர்ட் வொர்த் நகரத்துக் கிம்பெல் அருங்காட்சியகம் நல்ல சான்று. அதன் இயக்குநர் ரிச்சர்ட் பிரவுன், 1966இலேயே விரிவான தேவை அறிக்கை ஒன்றை எழுதினார். இயற்கை ஒளி வேண்டும் என்பதை அதிலேயே வலியுறுத்தினார். லூயிஸ் கான் வடிவமைத்து 1972இல் திறந்த அந்தக் கட்டடத்தை இன்றும் உலகெங்குமுள்ள கட்டடக் கலை மாணவர்கள் தேடிச் சென்று பார்க்கிறார்கள். கானின் மேதைமையைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். தெளிவாகக் கேட்கத் தெரிந்த ஓர் இயக்குநரைப் பற்றியும் அதே அளவுக்கு எழுதியிருக்க வேண்டும்.

## ஒளி என்னும் எதிரி

ஒரு கட்டடம் அருங்காட்சியகமாகத் தேறுகிறதா என்பதை முதலில் சோதிப்பது ஒளி. வெளிச்சம் இல்லாமல் எதையும் பார்க்க முடியாது. ஆனால் அதே வெளிச்சம் சாயத்தையும் தாளையும் துணியையும் சிதைக்கிறது. இந்தச் சிதைவு சேர்ந்துகொண்டே போகும். இருட்டில் வைத்தாலும் இழந்த நிறம் திரும்புவதில்லை. எனவே ஒளியின் அடர்த்தியை லக்ஸ் என்ற அலகால் அளந்து வரம்பு வைக்கிறார்கள். நீர்வண்ண ஓவியம், கையெழுத்துச் சுவடி, துணி ஆகியவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ்; எண்ணெய் வண்ண ஓவியத்துக்குச் சுமார் 150 முதல் 200 லக்ஸ். உச்சி வெயிலில் வெளியே நிற்பவர் மீது விழும் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ். இந்த இடைவெளியைக் கண் கூசாமல், இருட்டில் தடுமாறாமல் கடக்கச் செய்வது எளிய வேலையன்று. கண்ணாடிச் சுவர்கள் நிறைந்த திட்டப் படத்தைப் பார்க்கும்போது, அந்தச் சுவருக்குப் பின்னால் எந்தப் பொருளை வைக்கப்போகிறார்கள் என்று கேட்பது ஆகவே மிகவும் பொருத்தமான கேள்வி.

கிம்பெலில் கான் கண்ட தீர்வு எளிமையானதாகத் தோன்றும். நீண்ட வளைகூரைகளின் உச்சியில் நெடுகிலும் ஓர் இடுக்கு விட்டார். அதன் வழியே இறங்கும் டெக்சஸ் வெயில் நேராகத் தரையைத் தொடுவதில்லை. கீழே தொங்கும் நுண்துளையிட்ட அலுமினியத் தகடுகளில் பட்டு, மேல்நோக்கித் திரும்பி, கான்கிரீட் வளைவின் அடிப்புறத்தில் பரவி, அதன் பிறகே ஓவியத்தை அடைகிறது. உச்சியில் திறந்திருக்கும் ஒரு வளைகூரை எவ்வாறு நிற்கும் என்ற கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் ஆகஸ்ட் கொமெண்டன்ட் தீர்த்தார். தகடுகளின் வடிவத்தில் ஒளி வல்லுநர் ரிச்சர்ட் கெல்லியின் பங்கு இருந்தது.

ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே, 1997இல் திறந்த கலைக்கூடத்தில் பீட்டர் சும்தோர் வேறு வழியில் சென்றார். அமிலத்தால் மங்கலாக்கிய கண்ணாடிப் பலகைகள் கட்டடத்தை முழுவதுமாகப் போர்த்தியிருக்கின்றன. ஒவ்வொரு தளத்தின் கண்ணாடி உட்கூரைக்கு மேலேயும் ஒரு வெற்றிடம் உண்டு. பக்கவாட்டில் நுழையும் பகலொளி அங்கே பரவிக் கீழே இறங்குகிறது. சன்னல் ஒன்றுகூட இல்லாத கூடத்தில் நிற்பவரால், வெளியே மேகம் கடந்து செல்வதை ஒளியின் மாற்றத்தால் உணர முடிகிறது.

ஈரப்பதத்தின் கதையும் இதைப் போன்றதே. மரமும் தந்தமும் ஓவியத் திரையும் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்குகின்றன. மாற்றம் திடீரென்று நிகழும்போது பிளந்துவிடுகின்றன. அதனால் நெடுங்காலமாக ஒப்பு ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டிய குறுகிய எல்லைக்குள் கட்டிப்போட்டு வந்தார்கள். அதற்கான குளிரூட்டும் எந்திரங்கள் இரவும் பகலும் ஓட வேண்டும். 2014இல் பேணுகை வல்லுநர்களின் பன்னாட்டு அமைப்புகள், பெரும்பாலான பொருள்களுக்கு 40 முதல் 60 விழுக்காடு வரையிலான ஈரப்பதமும் 16 முதல் 25 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பமும் ஏற்கத்தக்கவை என்று தளர்த்தின; ஒரு நாளைக்குள் ஏற்படும் ஏற்ற இறக்கம் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. பிரெகென்ஸில் கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் நீர் ஓடி வெப்பத்தைச் சீராக வைக்கிறது. தடித்த சுவரும் நல்ல திட்டமும் ஓர் எந்திரத்தின் பாதி வேலையைச் செய்துவிடும் என்பதைச் சிறிய நிறுவனங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மின் கட்டணத்தை ஆண்டுதோறும் கட்டப்போவது அவைதாமே.

## பில்பாவோவில் உண்மையில் நடந்தது

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள பில்பாவோ, எஃகு ஆலைகளாலும் கப்பல் கட்டும் தளங்களாலும் வாழ்ந்த நகரம். 1980களில் அந்தத் தொழில்கள் சரிந்தன. 1983இல் பெருவெள்ளமும் வந்தது. 1997ஆம் ஆண்டு அக்டோபரில் நெர்வியோன் ஆற்றங்கரையில் கூகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தபோது, முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 13 லட்சம் பேர் வந்தார்கள். அந்த நகரத்தின் மக்கள்தொகை சுமார் மூன்றரை லட்சம் மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மேயர்கள் உலகெங்கும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: புகழ்பெற்ற கலைஞரை அழைத்து வியப்பூட்டும் கட்டடம் ஒன்றை எழுப்பினால் நகரம் பிழைத்துக்கொள்ளும். 'பில்பாவோ விளைவு' என்ற சொல் அங்கிருந்துதான் கிளம்பியது.

அந்தச் சொல் மறைத்துவிடும் செய்திகளைத் தனித்தனியே காண வேண்டும்.

1. அருங்காட்சியகம் தனியாக வரவில்லை. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ நிலையங்கள் 1995இலேயே இயங்கத் தொடங்கின. சந்தியாகோ கலத்ராவாவின் நடைபாலம் 1997இலும், விமான நிலைய முனையம் 2000இலும் வந்தன. மாசடைந்த ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. துறைமுக வேலைகள் கழிமுகத்தை நோக்கி நகர்ந்ததால் நகரின் நடுவே நிலம் விடுபட்டது. அந்த நிலத்தை ஒருங்கிணைத்து மேம்படுத்த 1992இல் பொதுத்துறைக் கூட்டமைப்பு ஒன்றும் உருவானது.

2. பணம் கட்டடத்தோடு நிற்கவில்லை. பாஸ்க் அரசு கட்டுமானத்துக்கு 10 கோடி டாலரும், கலைப்பொருள்கள் வாங்க 5 கோடி டாலரும், கூகன்ஹைம் அறக்கட்டளைக்கு ஒருமுறைக் கட்டணமாக 2 கோடி டாலரும் ஒதுக்கியது. ஆண்டுச் செலவான சுமார் 1.2 கோடி டாலருக்கும் மானியம் தர ஒப்புக்கொண்டது. கட்டி முடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே விடை இருந்தது.

3. கட்டடம் குறித்த காலத்திலும் குறித்த செலவுக்குள்ளும் முடிந்தது. வளைந்து நெளியும் அந்த உருவத்தைப் பார்ப்பவர் இதை எளிதில் நம்பமாட்டார். விமானங்களை வடிவமைக்கப் பயன்படும் கேட்டியா என்ற மென்பொருளை, கட்டடத்தை வடிவமைத்த ஃபிராங்க் கெரியின் குழு கையாண்டது. ஒவ்வொரு எஃகுச் சட்டத்தின் அளவும் ஒவ்வொரு டைட்டானியத் தகட்டின் வளைவும் முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்ததால் ஒப்பந்ததாரர்கள் ஊகத்தின் பேரில் விலை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

4. ஃபிராங்க் கெரி இடத்தைப் படித்தார். அராட்டா இசோசாகி, கூப் ஹிம்மெல்பிளௌ ஆகியோரும் பங்கேற்ற சிறிய போட்டி ஒன்றில் 1991இல் தேர்வான அவர், ஆற்றுக்கும் தொடர்வண்டிப் பாதைக்கும் இடையே, ஒரு பெரிய சாலைப் பாலம் குறுக்கே செல்லும் மனையை எதிர்கொண்டார். பாலத்தைத் தவிர்க்காமல், அதன் அடியே நீண்ட காட்சிக்கூடத்தைச் செலுத்தி மறுபுறம் ஒரு கோபுரத்தை எழுப்பினார். நகரத் தெருவிலிருந்து வருபவர் படிகளில் இறங்கி உள்ளே நுழைகிறார். ஆற்றங்கரையும் நகரமும் அதனால் இணைந்தன. ரிச்சர்ட் செராவின் மாபெரும் எஃகுச் சிற்பங்கள் 2005 முதல் நிலையாக இடம்பெற்றிருப்பது, பாலத்தின் அடியில் செல்லும் அந்த நீண்ட கூடத்தில்தான்.

மற்ற நகரங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது டைட்டானியத் தோலை மட்டுமே. நெர்வியோன் ஆற்றைத் தூய்மைப்படுத்திய பொறியாளர்களின் பெயர்களை யாரும் கேட்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

## நிலத்தோடு பேசும் மூன்று கட்டடங்கள்

பில்பாவோவின் புகழுக்கு நடுவே, அதே ஸ்பெயினில் அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு திறந்த ஒரு கட்டடம் போதிய கவனம் பெறாமல் போகிறது. கி.மு. 25இல் ரோமானியர் நிறுவிய மெரிடா நகரில், பழைய அரங்குகளுக்கு அருகே, 1986இல் தேசிய ரோமானியக் கலை அருங்காட்சியகம் திறந்தது. பெயரில் 'தேசிய' என்று இருந்தாலும் அதன் சேகரிப்பு முழுக்க முழுக்க அந்த மண்ணில் கிடைத்தது. வடிவமைத்த ரஃபேல் மொனேயோ, ரோமானியச் செங்கல்லைப் போன்ற மெல்லிய, நீண்ட செங்கற்களைச் சாந்துக் கோடு கண்ணுக்குத் தெரியாதபடி நெருக்கி அடுக்கினார். அடுத்தடுத்து நிற்கும் உயர்ந்த வளைவுகளின் ஊடே மேலிருந்து ஒளி இறங்குகிறது. கட்டடத்தின் அடியில், அகழ்ந்து வெளிப்படுத்திய வீடுகளும் கல்லறைகளும் சாலையும் அப்படியே இருக்கின்றன. மேலே உள்ள புதிய சுவர்கள் அந்தச் சிதைவுகளின் திசையைப் பின்பற்றாமல் தம் வழியில் குறுக்கே செல்கின்றன. எது பழையது, எது புதியது என்ற குழப்பம் இதனால் எழுவதில்லை. பழமையைப் போலி செய்யாமல் பழமையின் எடையை உணர்த்திய கட்டடங்களில் இதற்கு இணையானவை மிகச் சில.

வட பிரான்சின் லென்ஸ் வேறு வகையான நிலம். அந்த வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழில் 1990இல் முற்றிலுமாக முடிவுக்கு வந்தது. பாரிசின் லூவர் அருங்காட்சியகம் தன் கிளையை லென்ஸில், பழைய சுரங்கக் குழி ஒன்றின் மேல், 2012ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று திறந்தது. அது சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதையான பார்பராவின் திருநாள். சனா நிறுவனத்தைச் சேர்ந்த கஸுயோ செஜிமாவும் ரியுவே நிஷிசாவாவும் உயரம் குறைந்த, மங்கலான அலுமினியச் சுவர்களைக் கொண்ட கூடங்களைப் பூங்காவில் கிடத்தினார்கள். சுவர்களில் மரங்களும் வானமும் கலங்கலாகத் தெரிகின்றன. 120 மீட்டர் நீளமுள்ள 'காலக் கூட'த்தில் தடுப்புச் சுவர்கள் இல்லை. கி.மு. 3500 முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான பொருள்களைக் கால வரிசையில் பார்த்தபடி நடந்து செல்லலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. முதல் ஆண்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்தச் சரிவைத் தோல்வி என்று எழுதுவது தவறு. திறந்த ஆண்டின் எண்ணிக்கையில் புதுமையின் ஈர்ப்பு கலந்திருக்கும். நிலையான எண்ணிக்கை அதன் பிறகே தெரியும்.

அதே சனா நிறுவனம் ஜப்பானின் கனாசாவா நகரில் 2004இல் கட்டிய 21ஆம் நூற்றாண்டுச் சமகாலக் கலை அருங்காட்சியகம், 112.5 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வட்டம். அதற்கு முன்புறம் என்றோ பின்புறம் என்றோ எதுவுமில்லை. பல திசைகளிலிருந்தும் நுழையலாம். வெளிவட்டத்தைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம். கண்காட்சிக் கூடங்கள் மட்டும் உள்ளே தனித்தனிப் பெட்டிகளாக நிற்கின்றன. கலையைப் பார்க்க வராதவரும் கட்டடத்துக்குள் வருகிறார் என்பது அதன் பெருமை.

## எங்கே தவறியது?

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 1999ஆம் ஆண்டு மார்ச்சில் வெகுமக்கள் இசைக்கான தேசிய மையம் திறந்தது. நைஜல் கோட்ஸின் நிறுவனம் வடிவமைத்த, எஃகில் மின்னும் நான்கு பெரிய உருளைகள் உடனே கவனத்தை ஈர்த்தன. ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று திட்டமிட்டிருந்தார்கள். வந்தவர்களோ அதில் ஒரு பகுதியினரே. 2000ஆம் ஆண்டு ஜூனில் மையம் மூடப்பட்டது. கட்டடம் பின்னர் ஒரு பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் கைக்குச் சென்றது. உள்ளே பார்ப்பதற்குப் போதிய பொருள் இல்லாததும், மிகையான கணிப்பை நம்பி வரவு செலவு வகுத்ததுமே அடிப்படைக் குறைகள். அவற்றைக் கட்டடக் கலைஞரால் சரிசெய்திருக்க முடியாது.

ஸ்பெயினின் கலீசியாவில், சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகருக்கு அருகே ஒரு குன்றின் மேல் பண்பாட்டு நகரம் ஒன்றை எழுப்ப 1999இல் நடந்த போட்டியில் பீட்டர் ஐசன்மன் வென்றார். பழைய நகரின் தெருக்களையும் யாத்திரிகர்களின் சிப்பிச் சின்னத்தையும் மலையின் வளைவோடு இழைத்த அவருடைய கருத்துரு அறிவார்ந்ததே. ஆனால் செலவு முதல் மதிப்பீட்டைப் போல இருமடங்குக்கு மேல் ஏறியது. எஞ்சிய இரண்டு கட்டடங்களின் பணியை 2013இல் அரசு நிறுத்தியது. நடுத்தர அளவுள்ள ஒரு வட்டாரத்துக்கு அத்தனை பெரிய பரப்பு தேவையா என்ற கேள்வியைத் தொடக்கத்தில் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

செலவு ஏறினாலே திட்டம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் கெங்கோ குமா வடிவமைத்து 2018இல் திறந்த வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் செலவு 4.5 கோடி பவுண்டிலிருந்து சுமார் 8 கோடி பவுண்டாக உயர்ந்தது. ஆற்றுக்குள் நிற்பதாக இருந்த கட்டடத்தைக் கரையை நோக்கி இழுக்கவும் நேர்ந்தது. ஆயினும் அது 30 ஆண்டுகளுக்கு வகுத்த 100 கோடி பவுண்டு ஆற்றங்கரைத் திட்டத்தின் ஓர் உறுப்பு. தனித்து நிற்கும் பந்தயம் அன்று. பில்பாவோவிலிருந்து கற்க வேண்டிய பாடத்தைச் சரியாகக் கற்ற நகரங்களுள் அதைச் சேர்க்கலாம்.

## திறப்பு விழாவுக்குப் பின்

சேகரிப்பு வளர்ந்துகொண்டே போகும். கட்டடம் அப்படியே நிற்கும். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே இதற்கு விடையாக, நடுவிலிருந்து சுருள் சுருளாக வளரக்கூடிய அருங்காட்சியகம் என்ற கருத்தை முன்வைத்தார். அகமதாபாத், டோக்கியோ, சண்டிகர் ஆகிய மூன்று நகரங்களில் அந்தக் கருத்தின் வழியில் கட்டடங்கள் எழுந்தன. டோக்கியோவில் இடம் போதாமல் போனபோது அந்தச் சுருள் நீளவில்லை. அவருடைய மாணவர் குனியோ மயேகாவா 1979இல் தனிக் கட்டடம் ஒன்றைச் சேர்த்தார்.

இயற்கையும் கணக்குக் கேட்கிறது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று நோட்டோ தீவகற்பத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தில் கனாசாவா அருங்காட்சியகத்தின் காட்சிக்கூடக் கூரையிலிருந்து கண்ணாடிப் பலகைகள் விழுந்தன. பழுது பார்ப்பதற்காகக் கூடங்களைப் பல மாதங்கள் மூட வேண்டியிருந்தது. கட்டும் செலவுக்கு நிதி தேடுவோர், பேணும் செலவுக்கு அதே முனைப்புடன் தேடுவதில்லை.

வளர்ச்சிக்குப் பொறுமையே விடை என்று காட்டியது டென்மார்க்கின் ஹும்லபெக் என்னும் கடலோரச் சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மாளிகை கட்டியவர் மணந்த மூன்று பெண்களுக்கும் லூயிஸ் என்பதே பெயர். அதனால் அந்த வீடு லூசியானா ஆயிற்று. அதைக் கலைக்கூடமாக்க விரும்பிய க்னுட் யென்சன் என்பவர் யோர்கன் போ, வில்ஹெல்ம் வோலெர்ட் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களை அமர்த்தினார். 1958இல் திறந்தபோது அங்கிருந்தவை பழைய வீடும், மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் கண்ணாடி நடைக்கூடமும், தாழ்ந்த காட்சிக்கூடங்களும் மட்டுமே. தேவை எழுந்தபோதெல்லாம், கையில் பணம் இருந்தபோதெல்லாம், 1966, 1971, 1976, 1982, 1991 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு பகுதியாக அதே இருவரே சேர்த்துக்கொண்டு வந்தார்கள். 1991இல் வந்த பகுதியை, பூங்காவின் புல்வெளி குலையாதிருக்க, தரைக்கு அடியில் அமைத்தார்கள்.